கொக்கி உதிர்த்த பாதாம்

ஆரியசாலையில் நாங்கள் மூட்டை தூக்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைத் தூக்கக் கொக்கி குத்திய ஓட்டையில் உதிர்வது சுமப்பவனுக்கு. முந்திரியோ பாதாமோ, கடை அடைக்கும்போது கூட்டி அள்ளித் துண்டில் முடிந்துகொள்ளலாம். நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. என் மனைவி மங்கலத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது, தினம் ஒரு கைப்பிடி பாதாம் தின்னட்டும், நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

“தின்னியாட்டி?” என்று தினமும் கேட்பேன். “தின்னேன், தின்னேன்” என்பாள்.

அன்று மத்தியானம் மங்கலம் கட்டித் தந்த சோறும் துவையலும் தின்று முடித்துச் சாய்ந்தேன். மூட்டை இடுக்கில் ஒரு காலி கவர் கிடந்தது. வயதான பிறகு படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எ... லி... அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. நேற்று நான் கூட்டி அள்ளிய மூலை அது.

“சுனிலே, இந்த மருந்து எப்போ வெச்சது?”

கணக்குப்பிள்ளை தலை நிமிரவில்லை. “நேத்து மத்தியானம், அண்ணா. பாதாம் துண்டுல பெரட்டி வெச்சேன். எலி மொத்தமும் தின்னு தீர்த்துடுச்சு, கண்டோ?”

“எலி இல்லடே. என் வீட்டுக்காரி.”

போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீடு இருக்கும் அட்டக்குளங்கரை வரை ஓடினேன். அவள் குழாயடியில் நின்றாள்.

“நேத்துக் கொண்டாந்தத தின்னியா?”

“தின்னேனே.”

“வயிறு எரியுதா? வா, ஆஸ்பத்திரிக்கு!”

கையை உதறினாள். “விடுங்க, ஆளுக பாக்காங்க. நான் ஒண்ணும் தின்னல.”

“இப்போ தின்னேன்னியே!”

“தெனமும் சொல்லுததுதானே. மூட்டை சுமக்கது நீங்க, எனக்கெதுக்கு பாதாம்? உங்க துவையல்ல வெச்சு அரைச்சிருவேன்.”

நாக்கில் துவையல் ருசி திரும்ப வந்தது. “இன்னைக்குமா?”

“இன்னைக்குக் கொஞ்சம் கூடவே. எதுக்கு இப்படி முழிக்கீங்க?”

சொன்னேன். ஆள் பார்ப்பதைப் பற்றி அவள் அப்புறம் கவலைப்படவில்லை. நடுரோட்டில் பாய்ந்து, ஆளோடு போன ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு என் வயிற்றைக் கழுவினார்கள். நான் கண் விழித்தபோது, முதலாளி நெல்லையப்பன் வைத்துப் போன பாதாம் பொட்டலம் கட்டில் ஓரத்தில் இருந்தது. மங்கலம் அதைத் தொடவில்லை. ஒன்றை எடுத்து நீட்டினேன்.

“நீங்க தின்னுங்க.”

“எனக்குக் கஞ்சிதான் சொல்லிருக்கு. மெல்லு. நான் பாக்கணும்.”

அழுதுகொண்டே மென்றாள். விழுங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.