பயம் சேர்த்த வாக்குமூலம்

என் தம்பி றெனோல்ட் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பான். இது என் ஆத்திரத்தில் வந்த சொல் இல்லை. சட்ட உதவித் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த சட்டத்தரணி பெலான்ஜே அம்மையார் சொன்னது.

அவன் என்ன செய்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியை உடைத்தான், கள்ள விசா அடித்தான் என்றெல்லாம் சனம் கதைத்துத் திரிகிறது. நடந்தது இவ்வளவுதான். கனேடிய மத்திய அரசுத் திணைக்களம் ஒன்றின் இணையப் பக்கத்தில், ஊரிலிருந்து குடும்பத்தைக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். அந்தப் பக்கத்து முகவரியின் கடைசியில் ஓர் எண் வரும். அதை மாற்றிப் போட்டால், கடவுச்சொல் கேட்காமலே வேறொருவரின் கோப்புத் திறந்தது. இதைக் கண்டுபிடித்தவன் அவன். நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் ஆட்கள் கையில் றோல்ஸோடும் தேத்தண்ணியோடும் அவனுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

"தம்பி, என்ரை மனிசியின்ரை ஃபைல் கொழும்பிலை கிடக்கோ, இஞ்சை வந்திட்டுதோ?"

பார்த்துச் சொன்னான். ஒரு சதம் வாங்கவில்லை. ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. மன்னாரில் பெண்சாதி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த மனிதருக்கு அந்த ஒரு வரி போதும், அந்தக் கிழமை நித்திரை வரும்.

2007 இலையுதிர் காலத்தில் மத்திய பொலிஸ் வந்து மண்டபத்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு அவனையும் கொண்டு போனது. உரிமையில்லாமல் கணினி அமைப்புக்குள் நுழைந்தான் என்று குற்றச்சாட்டு. கணினியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு வெளியில் விட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் சட்டத்தரணியிடம் அவனோடு போனதும் நான்தான். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். றெனோல்ட் கனேடியக் குடிமகன் இல்லை. நான் விண்ணப்பித்துக் குடியுரிமை எடுத்துவிட்டேன், அவன் "பேந்து பாப்பம்" என்றே இருந்துவிட்டான். குற்றவாளியாகி இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் மேன்முறையீடுகூட இல்லாமல் நாடுகடத்தலாம். ஆனால் அரச தரப்பின் வழக்குப் பலவீனமானது. அந்தக் கணினியைப் பங்கு முழுவதும் பாவித்தது, அதைத் திறக்கும் கடவுச்சொல்லை யாரோ எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது, ஆள் இல்லை. ஆள் இவன்தான் என்று காட்டினாலும் போதாது, தனக்கு உரிமையில்லை என்று தெரிந்தே கள்ளமாகச் செய்தான் என்றும் காட்டவேண்டும். திறந்து கிடந்த பக்கத்தில் எண்ணை மாற்றிய பெடியன் மனத்தில் அப்படி ஒன்று இருந்தது என்று எதை வைத்துக் காட்டுவார்கள்? ஆகவே இவன் ஒருவரோடும் இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது. பொலிஸோடு ஒரு சொல்லும் கூடாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"வாயைத் திறக்காட்டில் எப்பிடிக் கேஸ் வெல்லுறது?"

எங்கள் வீட்டில் கேஸ் என்றால் அகதிக் கேஸ். அதைத் தவிர வேறு சட்டம் அப்பா கண்டதில்லை. இங்கே வந்த புதிதில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்த சிவநேசம் என்பவர், தனக்கு ஊரில் தடுப்பு முகாமில் செய்ததை விசாரணையில் சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தார். நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா கதைத்தார், இங்கே இருக்கிறார். அவருடைய கதையைத் தேதி வாரியாக எழுதிப் பாடமாக்கித் தந்தவர் பத்திநாதர். பக்கத்துப் பகுதியான அஹுன்ட்சிக்கில் இருக்கிறார். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அவர்தான் கேஸ் எழுதினார். அதில் பொய் குறைவு என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். நடந்ததைக் கேட்கிறவன் நம்பும்படி அடுக்கத் தெரிந்த மனிதர்.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்.

"அவ அரசாங்கம் காசு குடுக்கிற லோயர்தானே பிள்ளை. அரசாங்கத்தின்ரை ஆள் உன்னைப் பேசாமல் இரு எண்டு சொன்னா, அது ஆருக்கு நல்லது?"

"மாமா, இது அகதிக் கேஸ் இல்லை. இதிலை நிரூபிக்க வேண்டியது அவங்கள். நாங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "டிகிரி எடுத்தவை சொல்லினம். நான் கேஸ் வெண்டு குடுத்தனான். உன்ரை அப்பர் இஞ்சை இருக்கிறது ஆராலை?"

நான் கத்தினேன். மேல்வீட்டுக்குக் கேட்கும் என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. பத்திநாதர் எழும்பிப் போனார். அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, சமூகவியல் பட்டத்தோடு கோல் சென்ரரில் இருந்து வாடிக்கையாளர்களிடம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் அப்பாவும் தம்பியும் பின்னேரங்களில் பத்திநாதர் வீட்டில் கூடியிருக்கிறார்கள். ஏன் வீட்டில் செய்யாமல் மண்டபத்தில் செய்தாய் என்று அவர் கேட்டாராம். சனம் அங்கேதானே நிற்கும் என்றானாம் றெனோல்ட். அதுதான் உண்மை. பத்திநாதருக்கு அது பிடிக்கவில்லை. அதில் கனம் இல்லையாம். பயம் இல்லாத கேஸை ஒருத்தரும் நம்பமாட்டார்களாம். ஆகவே பயத்தைச் சேர்த்து, றெனோல்ட் சொல்வதுபோல எழுதிப் பாடமாக்கிக் கொடுத்தார்: இது பிழை என்று எனக்குத் தெரியும், வீட்டில் செய்தால் பிடிபடுவேன் என்று பயந்தேன், அதனால் மண்டபத்துக் கணினியைப் பாவித்தேன், என்றாலும் எங்கள் சனத்தின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நல்ல கதை. அகதி விசாரணையில் சொல்லியிருந்தால் யாருக்கும் நெஞ்சு இளகியிருக்கும்.

நான் வேலையில் இருந்த ஒரு நாள் அப்பா அவனைப் பொலிஸிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். சட்டத்தரணி வேண்டுமா என்று அவர்கள் முறைப்படி கேட்டார்கள். வேண்டாம் என்றான். கமெராவுக்கு முன்னால் இருந்து முழுவதையும் ஒப்புவித்தான். அப்பா வெளியில் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தாராம். இதையெல்லாம் அன்று இரவு அவர்தான் எனக்குச் சொன்னார், சந்தோசமாக.

"நல்ல வடிவாக் கேட்டவங்களாம் பிள்ளை. இடையிலை ஒருக்காலும் மறிக்கேல்லையாம்."

பெலான்ஜேயைத் தொலைபேசியில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒளிப்பதிவு செய்தார்களா என்று மட்டும் கேட்டார்.

றெனோல்ட் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நீ மடையனா என்று கேட்டேன். உனக்குப் பிரெஞ்சு தெரியாதா, அந்த மனுசி சொன்னது விளங்கவில்லையா?

"விளங்கினது. அப்பா தனக்கு நடந்ததை முதல்தரம் எனக்குச் சொன்னவர் அக்கா. அவங்கள் தன்னை அடிச்சதிலை இருந்து எல்லாம். சொல்லிப்போட்டு, நீயும் சொல்லு எண்டார். பேந்து நான் எப்பிடி மாட்டன் எண்டுறது?"

எனக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

வழக்கு 2009 தையில் விசாரணைக்கு வந்தது. அந்த வாக்குமூலத்தை ஏற்கக்கூடாது என்று பெலான்ஜே வாதாடினார். தானாக வந்து, உரிமைகளைக் கேட்டறிந்து கொடுத்தது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். திரையில் தம்பி பேசினான். பிடிபடுவேன் என்று பயந்தேன் என்ற இடம் வந்ததும் அரச சட்டத்தரணி நிறுத்தினார், பின்னுக்கு எடுத்துத் திரும்பப் போட்டார். தெரிந்தே செய்தான் என்று காட்ட அவருக்கு வேண்டியது அந்தத் துண்டுதான். ஒருநாளும் இல்லாத பயம் அது. அது இட்டுக்கட்டியது என்று இனிச் சொன்னால், பொலிஸுக்குப் பொய் சொன்னவனாகத்தான் நிற்பான். பெலான்ஜே அவனைச் சாட்சிக் கூட்டில் ஏற்றவில்லை.

தீர்ப்பு நாளில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, நீதிபதி பிரெஞ்சில் வாசிப்பதைக் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். குற்றம் சாட்டப்பட்டவரின் விவரிப்பு ஒழுங்கானது, முரணில்லாதது என்றார் நீதிபதி. அடுத்ததாக, "கிரெடிபிள்" என்றார். அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அப்பாவை அகதியாக ஏற்ற தீர்ப்பில் இருந்த சொல் அது, ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே சத்தம். நம்பத்தகுந்தது. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பயத்தைச் சந்தேகிக்கக் காரணம் எதையும் தான் காணவில்லை என்று நீதிபதி வாசித்துக்கொண்டே போனார். குற்றவாளி என்று அவர் முடித்ததை மட்டும் நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லவில்லை.

தண்டனை சொல்லும்வரை அவனை உள்ளே வைக்கும்படி அரச சட்டத்தரணி கேட்டார், நீதிபதி சம்மதித்தார். றெனோல்ட் எங்களைப் பார்க்காமல் பக்கக் கதவால் போனான். பெலான்ஜே என்னைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். மற்றவர்களின் அந்தரங்கக் கோப்புகள் என்பதால் மூன்று வருடம் கேட்கப்போகிறார்களாம். இரண்டுக்குக் கீழே கொண்டுவர முயல்வாராம், நம்பிக்கை தரமாட்டாராம். அந்த நாட்களில் வன்னியில் ஆஸ்பத்திரிகளுக்குள் ஷெல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கொழும்பு விமான நிலையத்தில் இறங்கும் தமிழ்ப் பெடியனுக்கு என்ன நடக்கும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வந்தால், அப்பா நீதிமன்ற நடைவழியில் வாங்கில் குந்தியபடி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தா.

"நம்பிட்டினம் அண்ணை," என்றார் அப்பா. "ஒரு சொல்லிலையும் பிழை பிடிக்கேல்லை. நீதவான் தன்ரை வாயாலை சொன்னவர்."

போனைப் பறிக்கக் கையை நீட்டினேன். மறுபக்கத்தில் பத்திநாதர் ஏதோ கேட்டார். அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கி, முகம் மலர்ந்திருந்தது.

"பிள்ளை, தம்பியை எப்ப விடுகினமாம் எண்டு அண்ணை கேக்கிறார். லோயர் என்ன சொன்னவ?"