பன்னிரண்டாவது கத்தரிக்கோல்

வகுப்பு தொடங்குவதற்கு முன் நதியா செய்த முதல் காரியம், மேசையின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கற்களைச் செருகியதுதான். நான் வரிசையாக வைத்திருந்த நூல்கண்டுகள் பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு தரையில் விழுந்தன.

"கப்பல் இப்படித்தான் சாயும்," என்றாள். "இப்ப என்ன பண்ணுவீங்க?"

சமையலறைக்கு ஓடிப் பன்னிரண்டு சாம்பார் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். ஈரத்துணியை மடித்து மேசையில் விரித்து, அதன்மேல் கிண்ணங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூல்கண்டைப் போட்டேன். உருளவில்லை. நதியா எதையோ எழுதிக்கொண்டாள். நல்லதாக எழுதினாளா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை.

அவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். உல்லாசக் கப்பல்களுக்கு வகுப்பெடுக்க ஆள் அனுப்பும் நிறுவனத்தில் வேலை. கப்பல் கரை தொடாத நாட்களில் பயணிகளுக்குப் பொழுது போக வேண்டுமே, அதற்காகக் காலையில் குரோஷே பின்னல், மதியம் காகிதப் பூ, சாயங்காலம் சீட்டாடுகிறவர்களின் கூட்டம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்குமாம். தமிழ் பேசும் வயதான பயணிகள் அதிகமாகிவிட்டதால் தமிழில் சொல்லித்தர ஒருவர் தேவைப்பட்டது. நான் பின்னுவதைப் போனில் படம்பிடித்து அனுப்பியிருந்தேன். நேரில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லி, நான் வேலை செய்யும் கொடைக்கானல் ரிசார்ட்டுக்கே வந்துவிட்டாள்.

பதினோரு வருடமாக அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிறேன். கடைசி நான்கு வருடமாக, அறை வேலை முடிந்ததும் விருந்தினர்களுக்குக் குரோஷே சொல்லித் தருகிறேன். வரவேற்பறைப் பலகையில் அதற்குப் பெயர், 'விசாலாட்சியின் கைவினை நேரம்'. விசாலாட்சி, ரிசார்ட் முதலாளியின் மனைவி. வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

நதியா முன்பே வாட்ஸப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்று, சட்டையில் குத்திக்கொள்ளும் நீல நிற அட்டை. கீழே 'பயிற்றுநர்' என்று இருந்தது. மேலே பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று, மஞ்சள் பிடி போட்ட குட்டைக் கத்தரிக்கோல். ஏழு ரோடு சந்திப்பில் ஒரு கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கிப் பழகினேன். அது என் ஸ்வெட்டர் பையில் இருந்தது.

காலையில் எங்கள் ஊர் வில்பட்டியிலிருந்து கிளம்பும்போது என் கணவர் ஆனந்த் கேரட் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டே சொன்னார்: "போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா அது கெடைக்கிற வரைக்கும் கையில இருக்க சோலிய விட்டுறாத."

செங்கல்லைச் செருகிய பிறகு நதியா தன் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோல்களை எண்ணித் தட்டில் வைத்தாள்.

"பன்னெண்டு குடுக்குறீங்க. பன்னெண்டு திரும்பி வரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் யாரையும் வெளிய விடக்கூடாது. கத்தரி கேபினுக்குள்ள போயிட்டா அது பாதுகாப்புப் பிரச்சினை. நல்லாச் சொல்லிக் கொடுக்கிறவங்க எங்ககிட்ட நெறைய பேர் இருக்காங்க. இதுலதான் கோட்டை விடுவாங்க."

தேனியிலிருந்து வேனில் வந்திருந்த முதியோர் சங்கத்துக்காரர்கள் பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலியில் விசாலாட்சி மேடம். அன்று அவர் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகவில்லை.

"எல்லாம் நான் பழக்கிவிட்டதுதான்," என்றார் நதியாவிடம். நான் பழகியது யூடியூபில். நான் சங்கிலிப் பின்னலை ஆரம்பித்தேன்.

"ஏம்மா, இது எந்த ஊருக்குப் போற கப்பலு?" என்றார் பொன்னுவேல். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "நான் விசிலடிக்காம எடுத்துறாதீக."

"நீங்க மொதல்ல ஊசியப் பிடிங்க. பீடி மாதிரி பிடிச்சிருக்கீக," என்றார் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு பேர் கையிலும் டம்ளர் வைக்கிற அளவுக்கு ஒரு வட்டம் உருவாகியிருந்தது. பொன்னுவேலுடையது மட்டும் தோசை மாதிரி கோணியிருந்தது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மூடுபனி ஏறுவதற்குள் தூண் பாறையைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். நான் தட்டை எடுத்து எண்ணினேன்.

பதினொன்று.

மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என் கை ஸ்வெட்டர் பைக்குள் போயிற்று. என் கத்தரிக்கோலை எடுத்துத் தட்டில் மற்றவற்றோடு வைத்தது.

"பன்னெண்டு," என்றேன் சத்தமாக.

ரிசார்ட்டில் நாங்கள் அப்படித்தான். அறையில் ஒரு துண்டு குறைந்தால் ஸ்டோரிலிருந்து எடுத்து வைத்துவிடுவோம். ஸ்பூன் குறைந்தாலும் அப்படியே. விருந்தினரைக் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பளியைக் காணவில்லை என்று ஒரு குடும்பத்திடம் கேட்டுவிட்டேன். விசாலாட்சி மேடம் என்னைப் போர்ட்டிகோவில் நிறுத்தி, அந்தக் குடும்பத்தின் கார் கேட்டைத் தாண்டுகிற வரை கைகூப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார். கம்பளி அவர்கள் டிக்கியில் இருந்ததை நான் பார்த்தேன். கைகூப்பியபடிதான் பார்த்தேன். அன்றிலிருந்து, குறைவதை நிரப்புவது என் கைக்கு மூச்சுவிடுவது போல ஆகிவிட்டது.

நதியா ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். "பேரு எழுதுங்க. பக்கத்துல எண்ணிக்கை. கீழ கையெழுத்து."

'பயிற்றுநர் பெயர்' என்று அச்சடித்திருந்தது. தேவகுமாரி என்று எழுதினேன். நான் எடுத்த வகுப்புக்கு நேராக என் பெயர் வந்தது அதுதான் முதல்முறை. அடுத்த கட்டத்தில் 12 என்று எழுதினேன். பெயரும் எண்ணும் ஒட்டி நின்றன. நான் ஏங்கியது அந்தப் பெயருக்காக. அது முதலில் போய் நின்ற இடமே ஒரு பொய்க்குப் பக்கத்தில்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு என்னோடதுங்க. பதினொண்ணுதான் திரும்பி வந்திருக்கு."

நதியா நிமிர்ந்து பார்த்தாள். நான் போய்க் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகை வைத்து நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்கய்யா. ஒரு கத்தரியக் காணோம். கெடைச்சதும் போயிரலாம்."

"கண்டக்டருக்கே டிக்கெட் செக்கிங்கா?" என்றார் பொன்னுவேல். குரலில் எரிச்சல் இருந்தது.

"மூணு மணிக்கு மேல பாறையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது," என்றார் ஒருவர். "நாங்க என்ன கத்தரி திருடவா மலையேறி வந்தோம்?" என்றார் இன்னொருவர். வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. கைகூப்பிவிடலாமா என்றிருந்தது. கூப்பாமல் இருப்பதற்காகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பொன்னுவேல்தான் முதலில் சட்டைப்பையைக் காலி செய்தார். மாத்திரை அட்டை, சீப்பு, சில்லறை. "பாத்துக்கத்தா." பிறகு ஒவ்வொருவராகத் தோள்பை, சால்வை, கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டினார்கள். மேசைக்கு அடியிலும் பார்த்தேன். இல்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பை. விசாலாட்சி மேடம் அதை மடியில் வைத்து ஜிப்பின் மேல் கையை வைத்திருந்தார்.

டீ கொண்டுவந்த இருளாயி ஜன்னலுக்கு வெளியே தட்டோடு நின்றிருந்தாள். என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மேடம், உங்க பை."

"என் பையா?"

"ஆமாங்க."

"என் எடத்துல நின்னுக்கிட்டு என் பையத் தெறக்கச் சொல்றியா?"

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், மேடம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அவர் எழுந்து பையை மேசைமேல் தலைகீழாகக் கொட்டினார். மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, அவர் பின்னிய வட்டம் எல்லாம் விழுந்தன. சாய்ந்த மேசையில் சாவிக்கொத்து சறுக்கிக்கொண்டு போயிற்று. வட்டத்தில் சிக்கிய நூலின் நுனியில் மஞ்சள் பிடி தொங்கியது.

"நூலோட சேந்து வந்திருக்கு," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. தெரியாமல் வந்ததா, தெரிந்தே எடுத்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது என் வேலையும் அல்ல. நூலை வெட்டிக் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

கூட்டம் என்னைப் பார்க்காமல் வெளியேறியது. பொன்னுவேல் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று, "ரைட்டு, போலாம்," என்றார்.

மேடம் கடைசியாகப் போனார். "நாளைக்கு வெள்ளனே வந்து ரூம் சாவியெல்லாம் இருளாயிகிட்ட குடுத்துட்டுப் போயிரு. யூனிபார்மையும்."

ஆனந்திடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான் என்று நினைத்தேன். அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை.

நதியா தட்டை எண்ணினாள். பதின்மூன்று. என்னுடையதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல பன்னெண்டுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

"பதினோரு வருசமா அப்படித்தாங்க செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"கப்பல்ல முதல்ல சொல்ற எண்ணிக்கையத்தான் நம்புவாங்க." அவள் தாளை எடுத்து நான் எழுதிய 12-ஐ ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 11 என்றும் நேரம் 2.10 என்றும் எழுதினாள். அதன்கீழ் 12, 2.35. "இத என்னால மறைக்க முடியாது. உங்கள எடுத்துக்கச் சொல்லித்தான் எழுதி அனுப்புவேன். ஆனா படிக்கிறவங்க இந்தக் கோட்டையும் பாப்பாங்க."

"கெடைக்குமா?"

"தெரியல. நெஜமாவே தெரியல."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி, வேனின் பின்விளக்கு மங்கலாகத் தெரிந்தது. தூண் பாறை இந்நேரம் மறைந்திருக்கும். நான் குனிந்து செங்கற்களை உருவினேன். மேசை ஒரு குலுங்கு குலுங்கி நேரானது.

பிறகு பேனாவை எடுத்து, கோடு விழுந்திருந்த அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். 'மா' கோணிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டேன்.