மமதாவை யாரும் கேட்கவில்லை

மமதாவுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுத்து அவள் என்ன படிக்க வேண்டும், என்ன ஆக வேண்டும் என்று அந்த மூன்று வாரத்தில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் அபிப்பிராயம் சொல்லாத ஆள் யாராவது மிச்சம் இருந்தால், அது மமதாதான்.

பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து லாரி ரசீதுகளைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த ரசீதுகளைக் கம்ப்யூட்டரே படித்துக்கொள்கிறதாம். ஒரு திங்கட்கிழமை இருபத்தெட்டுப் பேரை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு சமோசா கொடுத்து, சிரித்த முகத்தோடு விஷயத்தைச் சொன்னார்கள். வேலை போனதைக்கூட ஜீரணித்துவிடலாம். விஷயம் தெரியாமல் அந்தச் சமோசா இரண்டையும் ருசித்துத் தின்றுவிட்டோமே என்ற எரிச்சல்தான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

முப்பத்துநாலு வயதில் மறுபடி படிப்பு என்று ஆனதும் இரண்டு வழி தெரிந்தது. அவள் அம்மா சின்னத்தாயி ஆயாவாக இருக்கிற ஆஸ்பத்திரியை ஒட்டியே ஒரு பாராமெடிக்கல் காலேஜ் இருந்தது. அங்கே டயாலிசிஸ் டெக்னீஷியன் டிப்ளமா. இல்லையென்றால் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன். இரண்டுமே இரண்டு வருஷம். இரண்டு விண்ணப்பத்தையும் வாங்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரே காந்தத்தின் கீழ் செருகி வைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தார்கள்.

"உன் இஷ்டம் மமதா, இதுல நான் இன்னா சொல்றது?" என்றான் அவள் புருஷன் ஹரிஷ்குமார். கால் டாக்ஸி ஓட்டுகிறவன், நல்லவன். என்ன சொல்வது என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் சொன்னான். எலக்ட்ரீஷியன் என்றால் ஏணி ஏற வேண்டும், ஊரான் வீட்டு மாடியெல்லாம் ஏறி இறங்க வேண்டும். டயாலிசிஸ் என்றால் நைட் ஷிப்ட் வரும், ரத்தம் வேறு. "அப்போ ரெண்டும் வோணாமா?" என்று இவள் கேட்டால், "ஐயோ, நான் அப்டி சொல்லவே இல்லியே, உன் இஷ்டம்" என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றான்.

மாடி வீட்டு மங்களம் அக்கா இன்னும் ஒரு படி மேலே. பொம்பளை எலக்ட்ரீஷியனை யாராவது நம்பி வீட்டுக்குள் விடுவார்களா என்று கேட்டார். போன வருஷம் இதே மங்களம் அக்கா வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடாமல் நின்று, இரண்டு மெக்கானிக் வந்து மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்று கையை விரித்தபோது, மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே செத்து ஒட்டியிருந்த எறும்புகளை உப்புத்தாளால் சுரண்டி மோட்டாரை ஓட வைத்தது மமதாதான். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டபோது பதினோரு வருஷ ரசீதில் வராத சந்தோஷம் அவளுக்கு வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அம்மாவோ அபிப்பிராயமே சொல்லவில்லை. முடிவே பண்ணிவிட்டாள். "நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு நிக்கணும், நான் பாக்கணும்" என்பதோடு சரி.

"என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று மமதா தினம் ஒரு தடவை கத்தினாள். பாத்திரம் விளக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே கத்தினாள். வீட்டில் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஐ.டி.ஐ.யில் சேர கடைசி நாள். நாலு மணி வரை வாங்குவார்கள். எதுவானாலும் எல்லாக் காகிதத்தையும் கையில் வைத்துக்கொள்வோம் என்று மமதா காலையில் பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தாள். டி.சி. இருந்தது, ஜாதிச் சான்றிதழ் இருந்தது, பி.யு.சி. மார்க்ஸ் கார்டு இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டின் ஒரிஜினல் மட்டும் இல்லை. அது இல்லாமல் பெங்களூரில் எந்தக் கதவும் திறக்காது. பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டாள். சின்னத்தாயி ஆறு மணிக்கே டியூட்டிக்குப் போயிருந்தாள்.

"அதுவா? நேத்தே காலேஜ் ஆபீஸ்ல குட்த்துட்டனே," என்றாள் அம்மா, பால் பாக்கெட் வாங்கி வைத்துவிட்டேன் என்கிற மாதிரி. "வியாழக்கிழமை, நல்ல நாளு. நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சு, சாமி படத்தாண்ட வெச்சு எடுத்துனு போயி குட்த்தேன். உனக்கு சீட்டு பிடிச்சு வெச்சாச்சு."

"மஞ்சள் வெச்சியா? ஒரிஜினல்லயா?"

"நல்ல காரியத்துக்கு வெறும் காயிதமா குடுப்பாங்க?"

மமதா தலையில் அடித்துக்கொண்டாள். போனில் கத்தி என்ன பிரயோஜனம்? ஸ்கூட்டரை எடுத்தாள்.

காலேஜ் ஆபீஸில் தேசிகன் என்கிற கிளார்க் இருந்தார். மல்லேஸ்வரத்திலிருந்து வருகிறவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்கே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறவர். மமதா விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நோடம்மா, இங்க பாரும்மா, ஒரிஜினல் உள்ள வந்துடுத்துன்னா கோர்ஸ் முடிஞ்சுதான் வெளில போகும். அதான் ரூல்" என்றார்.

"சார், நான் இன்னும் சேரவே இல்ல. எங்கம்மா கொண்டாந்து குடுத்தாங்க. என்னைக் கேக்கல."

"அம்மாதானே? வேத்து மனுஷா இல்லியே?"

மமதா முதலில் தமிழில் சண்டை போட்டாள். அப்புறம் கன்னடத்தில் போட்டாள். இரண்டும் எடுபடவில்லை என்றதும், பதினோரு வருஷம் ஆபீஸ் மெயிலில் எழுதிப் பழகிய இங்கிலீஷை எடுத்து விட்டாள். தேசிகன் மூன்று மொழியிலும் அதே ரூலைச் சொன்னார். அத்தோடு விட்டாரா? "கார்டு முழுக்க மஞ்சள். ரெஜிஸ்டர் நம்பரே தெரியலை. எப்படிம்மா ஸ்கேன் பண்றது?" என்று அவளையே குற்றவாளி ஆக்கினார். மணி பன்னிரண்டரை. அம்மாவைத் தேடி பக்கத்து ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குக் கோபமாக ஏறினாள்.

டயாலிசிஸ் வார்டின் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. மமதா அதன் வழியாகப் பார்த்தாள். பத்துக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின். வித்யாலட்சுமி என்று கோட்டில் பெயர் குத்தியிருந்த டெக்னீஷியன் பெண் ஒரு நோயாளியின் கையிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயதுகூட இருக்காது. சுத்தமான, பதறாத கை. நாலைந்து சொட்டு ரத்தம் தரையில் விழுந்தது.

"ஆயா, இங்க," என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே.

சின்னத்தாயி ப்ளீச்சிங் தண்ணீரும் துணியுமாக வந்தாள். மடங்காத முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்தினாள். ரத்தத்தைத் துடைத்தாள். அந்தப் பெண்ணின் செருப்பைச் சுற்றித் துடைத்தாள். அந்தப் பெண் மெஷினைப் பார்த்தபடியே ஒரு காலைத் தூக்கினாள், பிறகு இன்னொரு காலைத் தூக்கினாள். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. கீழே ஒரு ஆள் இருப்பது அவள் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா ஆயா என்பது மமதாவுக்குத் தெரியாதா என்ன? இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

வெளியே வந்த சின்னத்தாயியின் முகம் மகளைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டது. "பாத்துட்டியா? ஏசி ரூமு! தோ, அந்த ஜன்னலோரம் இக்குற மெஷின்தான் புதுசு. அதாண்டதான் உன்னை நிறுத்தச் சொல்லணும்."

"மா, முதல்ல என் மார்க்ஸ் கார்டை வாங்கிக் குடு," என்றாள் மமதா. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் குரல் கிறீச்சிட்டது. வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னத்தாயி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மலர்ந்த முகம் கொஞ்சம் வாடியது. படி இறங்கினாள்.

காலேஜ் ஆபீஸின் முன் கவுண்டருக்கு அவள் போகவே இல்லை. பின்பக்கம் போனாள். அங்கே ஆபீஸ் அட்டெண்டர் முத்தம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் கிளார்க்கிடம் கேட்டால் ரூல்தான் வரும். முத்தம்மாவிடம் கேட்டால் ஃபைல் வரும். முத்தம்மா கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், ஒரு டிரேயைக் கொண்டுவந்து தேசிகன் முன்னால் வைத்தாள்.

"சார், இதுல சேர்றவங்க கையெழுத்தே இல்லியே. சேர்ற பொண்ணு சைன் பண்ணினாத்தானே ரிஜிஸ்டர்ல ஏத்துவீங்க? இன்னும் ஏத்தல. பெண்டிங் டிரேலதான் இக்குது."

தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட ஆமாம். என்ட்ரியே ஆகலை. அப்போ தாராளமா எடுத்துண்டு போகலாம்," என்றார். அரை மணி நேரம் மூன்று மொழியில் தொண்டை கிழியக் கத்தியது யாரோ வேறு ஒருத்தி மாதிரி, மமதாவைப் பார்த்து நட்பாகச் சிரித்தார். மமதாவுக்கு அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அம்மாவும் மகளும் ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு வந்து வேப்ப மரத்து நிழலில் நின்றார்கள். மணி ஒன்று இருபது. சின்னத்தாயி மஞ்சள் படிந்த அட்டையை மகளிடம் நீட்டினாள்.

"இந்தா. இப்ப சொல்லு. உனக்கு எது வோணும்?"

மூன்று வாரமாக மமதா எதிர்பார்த்துக் கிடந்த கேள்வி. இப்போது வந்துவிட்டது. என்ன சொல்வது என்று தடுமாறி, மேலே வார்டில் பார்த்ததையே எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு கால் தூக்கினா, நீ தொடச்சே."

"ஆமா, தொடச்சேன். அதுக்குத்தான் சம்பளம்."

"நாளைக்கு அந்த எடத்துல நான் நிப்பேன். ரத்தம் கொட்டினா நான்தான் கூப்பிடணும், ஆயா இங்க வா, தொடன்னு. உன்னை நான் அப்டிக் கூப்பிடணுமா? என்னால முடியாதும்மா. அதான் எனக்கு டயாலிசிஸ் வோணாம்."

சொல்லும்போது நிஜமாகவே கண்ணில் நீர் கட்டியது. சொல்லி முடித்ததும், நாம் நல்ல மகள்தான் என்று அவளுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சின்னத்தாயி சிரித்துவிட்டாள். "ஏண்டி, நீ படிச்சு வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆவும். எனக்கு வர்ற மார்ச்சு வந்தா அறுவது. ரிட்டயர்மென்ட் லெட்டர் குட்த்துட்டாங்க, நீதானே படிச்சுக் காட்டினே? நீ அங்க நிக்கறப்போ நான் ஊட்ல டிவி பாத்துனு இருப்பேன்."

மமதாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. படித்துக் காட்டியது அவள்தான். சுத்தமாக மறந்துவிட்டாள்.

"சரி, நான் அங்க இல்ல," என்றாள் அம்மா. சிரிப்பு போய்விட்டது. "இப்ப எது வோணும்?"

மமதா அட்டையின் மூலையில் இருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள்.

"மூணு வாரமா யாரும் கேக்கல, யாரும் கேக்கலன்னு பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறே. கேட்டா என்னை இட்டாந்து முன்னாடி நிறுத்தறே. உனக்கு வோணாம்னா உனக்கு வோணாம்னு சொல்லு. என் முட்டியைக் காட்டி சொல்லாத."

யாராவது ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. வார்டு வாசலில் அழுததும் நிஜம், அம்மா இப்போது சொன்னதும் நிஜம். சிரிப்பார்களோ, முடியாமல் போனால் சொல்லிக் காட்டுவார்களோ என்ற பயத்தில், யாராவது தடுக்கட்டும் என்றுதான் அவளும் காத்திருந்தாள். தடுத்தால் கத்தலாம். கத்திக்கொண்டே இருந்தால் முடிவு எடுக்க வேண்டியதில்லை.

"எலக்ட்ரீஷியன்தான் வோணும்," என்றாள். குரல் சின்னதாக வந்தது. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "எனக்கு அதாம்மா பிடிச்சிக்குது. முதல்லேந்தே அதான்."

சின்னத்தாயி மரத்தைப் பார்த்தாள், ஸ்கூட்டர்களைப் பார்த்தாள். மகள் வரப்போகிறாள் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இனி ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"எனக்குப் பிடிக்கல," என்றாள். "சொல்ட்டேன். நாளைக்கு நான் தடுக்கலன்னும் சொல்லாத, நான்தான் போகச் சொன்னேன்னும் சொல்லாத. நேரமாச்சு, கெளம்பு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மமதா அட்டையை ஃபைலில் வைத்து, ஃபைலை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பழக்க தோஷத்தில், கோபப்பட யாராவது இருக்கிறார்களா என்று மனசுக்குள் தேடினாள். புருஷன் உன் இஷ்டம் என்று சொல்லியாயிற்று. கிளார்க் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அம்மா வாயைத் திறந்து கேட்டேவிட்டாள். இனி இது தப்பாகப் போனால் கத்துவதற்கு ஒரு ஆள்கூட மிச்சம் இல்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போன அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை. மணி ஒன்றரை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஐ.டி.ஐ. பக்கம் வண்டியைத் திருப்பினாள்.