சாராளுக்கு ஒரு கோடி

அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட மார்த்தாள் துணி கிழித்துக்கொண்டிருந்தபோது, முன்னறையில் அப்பா தொண்டையைச் செருமிக் குரலைச் சரிபார்த்துக்கொண்டார். பிரசங்கத்துக்கு முன்னால் எப்போதும் அப்படிச் செய்வார். பெண்டாட்டியின் உடம்பு இன்னும் விறைக்கக்கூட இல்லை, அதற்குள் மனிதர் தயாராகிவிட்டார் என்று மார்த்தாள் நினைத்தாள். அந்த எரிச்சலில் முடிச்சை இறுக்கிவிட்டு, அம்மாவுக்கு வலிக்குமோ என்று உடனே தளர்த்தினாள்.

தேவசகாயம் காரமடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு உபதேசியார். சீமையில் பணமுடை என்று மிஷன் அவர் சம்பளத்தைப் பாதியாக்கியபோதும், மழை பொய்த்துக் கிணறு வறண்டபோதும், மார்த்தாளுக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அம்மையில் போனபோதும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே பேச்சுத்தான். "கர்த்தர் பாத்துக்குவாருங்க." இந்தத் தடவையும் அதையே சொன்னார். அம்மாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. வண்டி கட்டிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மார்த்தாள் கெஞ்சினாள். அவர் ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கர்த்தரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது. விடிகிற நேரத்தில் அம்மா போய்விட்டாள்.

"மொகத்துல எத்தன சமாதானம் பாருங்க" என்றாள், குளிப்பாட்ட வந்த ராகேலம்மாள். "நம்பிக்கையோட போனவுங்களுக்குத்தான் இந்தக் களை வரும்."

பச்சைத்தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவளின் முகத்தில் இவளுக்குக் களை தெரிகிறது. மார்த்தாள் அம்மாவின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். அவள் மனதில் ஓடியதெல்லாம் கோடியைப் பற்றித்தான்.

நேற்று மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "எங்கண்ணன் கோடி கொண்டாரும் கண்ணு. அதைப் போத்தாம என்னைக் குழிக்குள்ள எறக்கிப்போடாதீங்க."

அப்பா தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் அஞ்ஞான வழக்கம் சாராளு. நீ வெள்ளைச் சீலையில போவோணும்" என்றார். சாகக் கிடக்கிறவளுக்கும் அவர் உபதேசம்தான் வைத்திருந்தார்.

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. மார்த்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செரிங்கம்மா" என்று மார்த்தாள் சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடியாகப் புதுச்சேலை வரவேண்டும். அதைப் போர்த்தாமல் தூக்கினால், கேட்க நாதியற்றவளாக அவள் போகிறாள் என்று பொருள். சென்னியம்மாளாகப் பிறந்து சாராளாக ஞானஸ்நானம் பெற்றவளுக்கு, எத்தனை ஞாயிறு கோயிலில் உட்கார்ந்தும் அந்த ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

வெயில் ஏறும்போது காளிச்சாமி மாமா வந்துவிட்டார். வந்தவர் கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார். வேதத்தில் சேர்ந்தவர்கள் வீட்டுக்குள் கால் வைத்தால் பங்காளிகள் தன்னையும் ஒதுக்கிவைத்துவிடுவார்கள் என்று, தங்கச்சி ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்தே வெளியே நின்றவர், தங்கச்சி பிணமாகக் கிடக்கும்போதும் அங்கேயேதான் நின்றார். கையில் அரக்குச் சேலை. காலடியில், எப்போதும் வைக்கிற இடத்தில், வாய் தைத்த ஒரு சோளச் சாக்கு.

வாசல் பந்தலில் அம்மாவை வெள்ளைச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். தேவசகாயம் வேலியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டு, "மாமன்கிட்டப் பதனமாச் சொல்லிப்போட்டு வா. கோடியெல்லாம் நம்ம அடக்கத்துல கெடையாது" என்றார்.

"அம்மா கேட்டாங்கல்லங்கப்பா."

"காச்சல்ல கேட்டா. ஐயர் ரயிலுக்கு வந்து சேந்துருவாரு. அவரு கண்ணு முன்னால இந்தக் கூத்து வேண்டாம்."

மிஷனின் குருவான ஐயரிடம் அவருக்குப் பயம். கர்த்தரை நம்புகிறவர் பயப்படுகிற பயம். மார்த்தாள் விடுவிடுவென்று வேலிக்குப் போனாள்.

"உள்ள வாங்க மாமா. நீங்களே போத்துங்க."

"நா வரப்படாது கண்ணு. நீயே கொண்டுபோயிப் போத்திப்போடு." அவர் சேலையை நீட்டினார்.

மார்த்தாளுக்கு அவரையும் பிடிக்கவில்லை. இடுப்புயர வேலி. இந்தப்பக்கம் ஒரு சாமி, அந்தப்பக்கம் ஒரு சாமி. செத்துப்போன ஒருத்திக்காக அதைத் தாண்ட இரண்டு பேருக்கும் துப்பில்லை.

அதற்குள் பந்தலில் பாட்டு முடிந்து அப்பாவின் குரல் எழுந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று மார்த்தாளுக்குத் தெரியும்.

"விசுவாசம்னா என்னன்னு இவகிட்டத்தான் கத்துக்கோணுமுங்க. சம்பளம் பாதியான வருசம் ஊட்டுல ஒருபிடி தவசம் இல்லீங்க. இவ ஒரு வார்த்தை மொனகலீங்க. நா கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணுனேன். தொறந்து பாத்தா வாசப்படியில ஒரு மூட்டைச் சோளமுங்க! வனாந்தரத்துல தீர்க்கதரிசிக்குக் காக்கா அப்பம் கொண்டாந்தாப்பல, ஆண்டவர் இந்த ஏழைக்கும் ஒரு காக்காயை அனுப்பினாருங்க."

"ஸ்தோத்திரம்" என்று பந்தல் முழுக்கச் சொன்னது. ராகேலம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

இந்தக் காக்கைப் பிரசங்கம் சபைக்குத் தலைகீழ்ப் பாடம். காரமடைச் சந்தைக்கு வண்டி ஓட்டிவரும் மாமா இருட்டோடு வேலியோரம் சாக்கை இறக்கிவைப்பார். அம்மா அதைத் தூக்கிவந்து வாசற்படியில் வைப்பாள். அஞ்ஞானி வீட்டுத் தவசம் ஒரு மணிகூட உள்ளே வரக்கூடாது என்று அப்பா சபதம் செய்திருந்ததால் அவள் வாய் திறக்கவில்லை. சோளம் தீர்ந்த பிறகு அந்த முதல் சாக்கைத் தேவசகாயம் அடுக்களைக்கு விடவில்லை. அதிசயத்தின் சாட்சி என்று ஜெப அறையில் விரித்து, அதன்மேல் முழங்கால் போட்டார். சாக்கிலிருந்த தார்க்குறி யாருடையது, வட்டமும் நடுவில் ஒரு கோடும் எந்தத் தோட்டத்துக் குறி என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதிசயம் போய்விடும்.

வேலிக்கு அந்தப்பக்கம் மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, அது நாங் கொண்டாந்த சோளமல்ல?"

"ஆமாங்க மாமா."

"காக்காயிங்கறாரு?"

"ஆமாங்க."

மாமா பந்தலைப் பார்த்தார். "உங்கம்மா இதைக் கேட்டிருக்கறாளா?"

"அவுங்க கேக்காத ஞாயித்துக்கெழமையே இல்லீங்க. கேட்டுப்போட்டு முந்தானையை வாயில வெச்சுச் சிரிப்பாங்க. ஏம்மா இந்தப் பொய்யின்னு நா சண்டை போட்டேன். எங்கண்ணனுக்குக் குடுக்கற மனசை ஆரு குடுத்தாங்களாம், அந்த ஆண்டவர்தான, அப்படீன்னாங்க."

"சிரிச்சாளா?" என்றார் மாமா. அவர் வாய் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மார்த்தாள் சேலையை வாங்கினாள். மடிப்பு கலையாத புதுச்சேலை, கஞ்சி மணத்தது. பந்தலுக்குள் போகையில் அப்பா ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தார். அவள் நேரே போய்ச் சேலையை உதறி, வெள்ளைக்கு மேல் அம்மாவின் கழுத்திலிருந்து கால் வரை போர்த்தினாள். ராகேலம்மாள் "அய்யோ, ஐயரு வந்தா..." என்று இழுத்தாள்.

தேவசகாயம் கண்ணைத் திறந்தார். முகம் சிவந்தது.

"என்னம்மணி இது?"

"காக்கா கொண்டாந்ததுங்கப்பா."

சபை மொத்தமும் கேட்கும்படி, அவர் பிரசங்கத்தில் சொல்கிற அதே ராகத்தில் சொன்னாள். இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் போட்டுவைத்திருந்த இளக்காரம் முழுவதும் அதில் இருந்தது. சொன்னது இனித்தது. இன்னும் சொல்ல ஆயத்தமாகவே நின்றாள்.

அவர் மகளை முறைத்தார். பிறகு அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி வேலிக்குப் போனது. அங்கே முகத்தைத் துண்டால் மூடிய மைத்துனர். அவர் காலடியில் ஒரு சோளச் சாக்கு. சாக்கில் தாரால் ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு.

தேவசகாயத்தின் பார்வை அந்தக் குறியிலேயே நின்றது. பந்தலில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். ஓடி ஒளிகிறார், இதுவும் எதிர்பார்த்ததுதான் என்று மார்த்தாள் உதட்டைச் சுழித்தாள். கதவு சாத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

கதவு சாத்தவில்லை. தேவசகாயம் ஜெப அறைச் சாக்கைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவின் தலைமாட்டில் குனிந்து, மகள் அவசரத்தில் கோணலாகப் போர்த்திய சேலையை இழுத்துச் சமன் செய்தார். பிறகு யாரையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து, படலைத் திறந்துகொண்டு வேலிக்கு அந்தப்பக்கம் போனார்.

மார்த்தாள் பின்னாலேயே போனாள். அவள் நாக்கில் இன்னொரு வார்த்தை இருந்தது.

"காலைல இருந்து நிக்கறீங்க மச்சான்" என்றார் அப்பா. "ஐயர் வர நேரமாகும். உக்காருங்க."

அவர் சாக்கைத் தரையில் விரித்தார். ஓரத்தைக் கையால் நீவிவிட்டார். பந்தலுக்குத் திரும்பினார். படலை மூடவில்லை.

மாமா குனிந்து பார்த்தார். தார்க்குறி மங்கியிருந்தாலும் அவருக்குத் தன் குறி தெரியாமல் போகுமா? சாக்கின் நடுவில், அருகருகே இரண்டு இடங்களில் சணல் தேய்ந்து நூல் நூலாகக் கிடந்தது. முழங்கால் பட்ட இடங்கள். அவற்றின் வழியே கீழேயிருந்த செம்மண் தெரிந்தது.

மார்த்தாளும் பார்த்தாள். நாக்கில் இருந்ததை அவள் சொல்லவில்லை.

மாமா செருப்பைக் கழற்றினார். அந்த இரண்டு இடங்களின்மேலும் படாமல், சாக்கின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.