மணிச் சுவிட்சில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் மின்சார மணி செத்துக் கிடந்தது. ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவகாசிப் பக்கத்து அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை தனியாகக் காட்டுக்குள் இருந்தது. கலக்குகிறவன் அவள் புருஷன் யோபு. போன வருஷம் அங்கே மருந்து சத்தமில்லாமல் சீறிப் பிடித்து, அப்போது கலக்கிக்கொண்டிருந்த கருப்பணன் வெந்து கிடந்தது மத்தியானம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது, வைத்தியர் தேவைப்படவில்லை. ஒரு மனுஷன் போன பிறகுதான் முதலாளிக்கு மணிக்குக் கம்பி இழுக்கத் தோன்றியது!

அறைக்கு எட்டத்தில் ஒரு தூணில் சுவிட்சும் மணியும். ஆபீசிலும் அதே மாதிரி. உள்ளே போகுமுன் யோபு அமுக்குவான். ஆபீசில் லேபிள் அடுக்கும் ஜெயசீலி பதில் மணி அடித்தால்தான் போவான். வெளியே வந்ததும் இன்னொரு மணி. அது வராவிட்டால் அவள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடுவாள்.

இன்றைக்கு மணிக்குப் பதிலாக லோடு ஏற்றும் சங்கிலிமுத்து வந்தான். "அண்ணன் அமுக்கி அமுக்கிப் பாக்காரு. பதில் வரலையாம்."

மேனேஜர் அய்யாதுரை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஏலே, பதில் அடிச்சாச்சு, காத்துல கேக்கலைன்னு போய்ச் சொல்லு. தீவாளி லோடு நிக்குது."

அவள் காது கேட்க, அவள் பேரிலேயே ஒரு பொய்! ஜெயசீலி லேபிளை விசிறிவிட்டு ஓடினாள். சங்கிலிமுத்து முந்திக்கொண்டான். அவள் போனபோது யோபு அறை வாசலில் நின்றான்.

"உள்ள காலெடுத்து வச்சீக, அம்புட்டுத்தான்!"

"நீ பதில் அடிச்சேன்னு சொன்னாகளே?"

"அடிச்சது நான் இல்ல. மேனேஜர் வாயி!"

பின்னாலேயே அய்யாதுரை இரைக்க இரைக்க வந்தார். "ஒருநாள் மணி இல்லாட்டி குடி முழுகிருமாக்கும்?"

"முழுகாதுல்ல? அப்ப நீங்க உள்ள போங்க. கலக்க வேண்டாம், சும்மா உக்காருங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த மணியை அடிங்க, நான் வாரேன். போங்க, ஏன் நிக்கீக?"

ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அய்யாதுரையின் கால் ஒரு எட்டு பின்னால்தான் போனது. "திருப்புளி கொண்டா" என்றார் சங்கிலிமுத்துவிடம்.

மூடியைக் கழற்றினால், பித்தளை நாக்கு இரண்டுக்கும் நடுவே சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகியிருந்தது. முதலாளியம்மா சொர்ணலட்சுமி, உயிரைக் காக்கிற ஆயுதம் என்று நேற்று இரண்டு சுவிட்சுக்கும் பக்தியாகப் பூசியது. மூடியைக் கழற்றிக் கொடுத்தவர் இதே அய்யாதுரை. காரணம் தெரிந்தே யோபுவை உள்ளே போகச் சொல்லியிருக்கிறார், படுபாவி!

வேட்டி முனையால் அவர் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். ஜெயசீலி நகரவில்லை. "இனி தெனம் காலைல நீங்க வந்து அமுக்கணும். என் பதில் உங்க காதுல விழுந்த பொறவுதான் அவுக உள்ள போவாக."

கூட்டம் கலையாமல் நின்றது. அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் மணி கணீரென்று அடித்தது. ஜெயசீலி அசையவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும். கடைசியில் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து அய்யாதுரையே ஓடி வந்தார். "எம்புட்டு நேரமா அடிக்கேன்! கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு" என்றாள். "பதில் வராம அங்கன நின்னது எப்படி இருந்துச்சு?"