ஜேன் என்று சொல்லப்பட்டவள்

செலீன் உள்ளே வந்ததுமே வித்தியா அடையாளம் கண்டுகொண்டாள். முடி நரைத்திருந்ததே தவிர, அதே ஆள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வித்தியாவின் அண்ணையின் அகதி வழக்கை விசாரித்தவள். அடையாள அட்டைப் படத்தையும் ஆரூரன் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கள் இல்லை" என்று முடித்துவிட்டாள். திருப்பி அனுப்பப்பட்ட அண்ணையைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதுமே பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே விட்டபோது வலது காது கேட்கவில்லை.

அன்று அறையின் மூலையில் இருந்த தங்கை வித்தியாவை செலீனுக்கு நினைவில்லை. பழைய ஓவியத்தில் இருப்பவர் யாரென்று கண்டுபிடித்துச் சொல்லும் நிபுணர் என்றுதான் டவுன்டவுனில் இருந்த வித்தியாவின் அலுவலகத்தைத் தேடி வந்திருந்தாள்.

"ஜேன் கிரே," என்றாள், பலகை ஓவியத்தை மேசையில் வைத்து. "ஒன்பது நாள் இங்கிலாந்தின் அரசியாக இருந்தவள். சின்ன வயதிலேயே தலையை வெட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பரம்பரையாக அப்படித்தான் சொல்கிறோம். லண்டனில் ஒரு நிபுணர், இது ஜேன் இல்லை என்கிறார். நீங்கள் ஆம் என்றால், அம்மாவின் நினைவாக மியூசியத்துக்குக் கொடுப்பேன்."

பலகையின் மர வளையங்களைச் சோதித்தபோது, அந்த ஓக் மரமே ஜேன் இறந்து இருபது வருடத்துக்குப் பிறகுதான் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. ஆனால் அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படம் வேறு கதை சொன்னது. வண்ணத்துக்கு அடியில், முகத்தின் கோடுகள் நெடுகக் கரிப்பொடிப் புள்ளிகள். முந்திய ஓவியம் ஒன்றிலிருந்து, ஊசியால் குத்திய தாளில் கரிப்பொடி தட்டிப் பிரதியெடுத்த தடம் அது. உடுப்பும் ஜேன் காலத்து உடுப்பு. அவளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த அகச்சிவப்புப் படத்தை வித்தியா அறிக்கையில் சேர்க்கவில்லை. முடிவைக் கேட்க செலீன் மறுபடி வந்தாள்.

"இவள் ஜேன் இல்லை, மதாம். மரம் பிந்தியது. யாரென்று சொல்ல ஆதாரமில்லை."

"பழைய ஓவியத்தின் பிரதியாக இருக்க முடியாதா?"

"அதற்கு அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை," என்றாள் வித்தியா, கண் வெட்டாமல்.

செலீனின் உதடு நடுங்கியது. "அம்மா சாகும்வரை இவளை ஜேன் என்றுதான் கூப்பிட்டாள்," என்று அழத் தொடங்கினாள். அந்த அழுகை முடியும்வரை வித்தியா ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு, அண்ணை இருக்கும் வவுனியாவுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, உங்களைத் திருப்பி அனுப்பினவளை இண்டைக்கு அழ வைச்சன்."

முழுவதையும் கேட்டபின் ஆரூரன் சொன்னார்: "அந்தப் பொம்பிளையின்ர முகமே எனக்கு ஞாபகமில்லை. அவளை நீ என்னவும் செய். படத்திலை இருக்கிற பெட்டை உனக்கு என்னடி செய்தவள்? தலையைத்தான் வெட்டினாங்கள். நீ பேரையும் பறிச்சுப்போட்டாய்."

"பேந்து கதைக்கிறன்," என்று வித்தியா போனை வைத்துவிட்டாள்.

புள்ளிகள் தெரிந்த படத்தைக் கணினியில் திறந்தாள். சின்ன நாடி, இறுக்கிய வாய். அண்ணை சொன்னது சரிதான். செலீனுக்கு இதை அனுப்பினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவளது நடுங்கிய உதடு கண்முன் வந்தது. இன்னும் இனித்தது.

படத்தை அழித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.