உப்பும் பச்சைத் தண்ணீரும்

அக்டோபர் கடைசியில் உப்பு லாரி முதல்முறையாக மேட்டுச் சாலையில் ஏறும் அன்றே எங்கள் ஊரில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிளைப் போர்த்தி உள்ளே தள்ளிவிடுவார்கள். பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் அந்த உப்பு இரும்பு, அலுமினியம் எதையும் விட்டுவைக்காது. என் கணவர் மால்கம் அவர்களைக் கோடைக்குருவிகள் என்று கேலி செய்வார். எங்கள் ஊரான ஸ்டான்ஹோப்பிலிருந்து மேட்டைத் தாண்டி, தான் வேலை பார்த்த பஸ் பணிமனைக்குக் குளிர்காலம் முழுவதும் அவர் வண்டியில்தான் போவார்.

முதல் உப்பு விழுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் உட்கார்ந்து வண்டி முழுவதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அடிப்பார். டயரிலும் பிரேக் தட்டிலும் மட்டும் அது படக்கூடாது. அவற்றை மூடிக் கட்டவே என் தலையணை உறைகள் எத்தனையோ போயிருக்கின்றன. பிறகு தினமும் வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் கால் வைக்குமுன் பச்சைத் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கழுவுவார். நான் சமையலறை ஜன்னலைத் தட்டி, டீ ஆறுகிறது என்று சைகை காட்டுவேன். முப்பத்தொரு குளிர்காலம் அப்படிப் போயிற்று.

இரண்டாயிரத்துப் பத்து ஜனவரியில் ஒருநாள் வண்டியை நிறுத்தியவர் குழாய்ப்பக்கம் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரல் இரண்டிலும் புற்றுநோய் பரவிவிட்டதாக டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மூன்றாம் நாள்தான் மால்கமால் பேச முடிந்தது.

"வண்டி உப்போட நிக்குது ஐலீன். கழுவி விட்ரு. ஏப்ரல்ல ஓட்டணும்."

ஏப்ரல் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிடித்துக்கொள்ள அவருக்கு அந்த ஒன்றுதான் இருந்தது. வண்டி கெடாமல் இருக்கும்வரை ஏப்ரலும் இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் தோட்டக்குழாய் உறைந்துபோயிருந்தது. வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து அதில் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பையும் பீய்ச்சினேன். இரண்டு மணி நேரம் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் பிசுக்கு வழிந்தோடியது. அழுக்கு போகிறது என்று எனக்குச் சந்தோஷம்.

தினமும் ஆஸ்பத்திரியில் விசாரிப்பார். பளபளவென்று இருக்கிறது என்பேன். முதல் இரண்டு வாரம் அது உண்மைதான். பிப்ரவரியில் ஒருநாள் கொட்டகைக்குப் போனபோது எஞ்சின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. சக்கரக் கம்பிகள் பழுப்பேறியிருந்தன.

மால்கமின் சிநேகிதர் கிளிஃப்பை வரவழைத்தேன். அவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, எதில் கழுவினாய் என்று கேட்டார். சொன்னேன்.

"வெந்நீர் ஊத்தினா உப்பு இன்னும் வேகமாத் தின்னும். சோப்பு அவன் அடிச்ச எண்ணெயையே வழிச்சு எடுத்துருச்சு. தட்டு கழுவற மாதிரி கழுவி வச்சிருக்கியே ஐலீன்."

மால்கமிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கிளிஃப் சனிக்கிழமைகளில் வந்து, கண்ணுக்குத் தெரிந்த துருவையெல்லாம் தேய்த்து எடுத்தார். ஸ்டாண்டில் நின்ற வண்டியை ஒருதடவை உருட்டிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உன்னைவிட உன் பெண்டாட்டிதான் வண்டியை நன்றாக வைத்திருக்கிறாள் என்று கிளிஃப் அளந்துவிட, மால்கம் இருமல் வரும்வரை சிரித்தார்.

மார்ச்சில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டோம். வந்த அன்றே வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். கொட்டகையிலிருந்து ஜன்னல்வரை இருபதடி கல்தரை. கிளிஃப் தள்ளினார். பின்சக்கரம் சுற்றியது. முன்சக்கரம் அசையவில்லை. பிரேக் இறுகிப்போயிருந்தது. நானும் கைகொடுத்தேன். வழியெல்லாம் டயர் கல்லில் தேய்ந்து கிறீச்சிட்டது.

நான் உள்ளே போனபோது மால்கம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோப்பு போட்டியா?"

"ஆமா."

"வெந்நீரா?"

"கை விறைச்சுப் போச்சு மால்கம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒருமுறை டேங்கின் மேல் ஈரத்துணியை வைத்துவிட்டேன் என்பதற்காக இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டிருந்தால் போதும், எனக்கு உயிர் வந்திருக்கும்.

"சரி கண்ணு," என்றார். "கிளிஃப் குளிர்ல நிக்கிறான். உள்ள வந்து டீ குடிக்கச் சொல்லு."

பிறகு திரையை இழுத்துவிடச் சொன்னார்.

அதன்பின் ஒன்பது நாள் இருந்தார். வண்டியைப் பற்றியோ ஏப்ரலைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே கிளிஃப் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். சக்கரம் லேசாகச் சுற்றியது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மால்கம் கண்ணைத் திறந்து, யார் வீட்டுச் சக்கரம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.